சியாட்டில்வரை வித்தவுட்

கூட்ஸ் வண்டியில் யாருக்கும் தெரியாமல் ஏறி ஊர் ஊராகப் போகிற அமெரிக்கர்களின் வீடியோக்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். எங்கள் வீட்டில் இதற்குச் 'சரக்கு ரயில் சீரியல்' என்று பெயர். பெயரில் நியாயம் உண்டு, ஏனென்றால் அவற்றில் எதுவுமே நடக்காது. ஒருவன் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் புதரில் உட்கார்ந்திருப்பான், மழை தூறும், டின் பீன்ஸைச் சூடாக்காமல் அப்படியே அள்ளித் தின்பான், ஒரு வண்டி வரும், நிற்காமல் போய்விடும், மறுபடியும் புதர். நடுவில் கொஞ்ச நேரம் மொன்டானா மலைகள் வரும். மலைகளுக்காகத்தான் பார்க்கிறேன் என்று ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன், போகப்போக எனக்குப் பிடித்துப்போனது புதர்தான். ஸ்டோப் தி ஹோபோ (ஹோபோ என்றால் இப்படி ரயிலேறி ஊர் சுற்றுகிற நாடோடி) என்ற பெயரில் வீடியோ போட்ட ஜேம்ஸ் ஸ்டோபி இந்தக் காத்திருப்பை ரசித்துச் செய்த ஆள். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார், நன்றாகப் பியானோ வாசிப்பார். 2017இல் ஆம்ட்ராக் பயணிகள் ரயில் மோதி இறந்துபோனார். இன்றைக்கும் அவர் வீடியோக்களுக்குப் புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

இவர்கள் ஓடுகிற வண்டியில் பாய்ந்து ஏறுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் அதைச் செய்வதில்லை, ஓடுகிற வண்டியில் ஏறாதே என்பதுதான் புதிதாக வருகிறவனுக்கு அவர்கள் சொல்கிற முதல் பாடமே. எல்லாம் நிற்கிற வண்டியில்தான். அது எங்கே நிற்கும் என்று தெரிவதுதான் வித்தை. அமெரிக்காவில் ரயில் ஓட்டுகிற டிரைவரும், அவரோடு வண்டிக்குப் பொறுப்பாக வருகிற கண்டக்டரும் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. ஆகவே வழியில் குறிப்பிட்ட ஊர்களில் வண்டி நின்று ஆள் மாற வேண்டும். அந்த ஊர்களையும், எந்த மூலையில் ஒளிந்துகொள்ளலாம் என்பதையும் எழுதிவைத்த ஒரு கையேடு பல வருடங்களாக ஜெராக்ஸ் பிரதியாகக் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. கடையில் கிடைக்காது, கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கவும் மாட்டார்கள். அப்புறம் எந்தப் பெட்டி என்பது. தானியம் ஏற்றுகிற பெட்டிகளின் இரண்டு முனைகளிலும் சின்னத் திண்ணை போல ஒரு இடம் உண்டு, சில வகைகளில் மட்டும். கன்டெய்னர் வைக்கிற தாழ்வான பெட்டிகளில் சிலவற்றுக்கு அடியில் தகடு இருக்கும், சிலவற்றில் வெறும் கம்பிதான், கீழே ஓடுகிற கட்டை தெரியும். மூடிய பெட்டியின் இழுவைக் கதவு வண்டி குலுங்கும்போது தானாகச் சாத்திக்கொள்ளும், உள்ளேயிருந்து திறக்க முடியாது, அதனால் ஏறியதும் ஒரு ஆணியோ கட்டையோ செருகிவைப்பார்கள். சுதந்திரம் சுதந்திரம் என்று பேசுகிற ஆட்கள் ரயில்வேயின் ஷிப்டு நேரத்தை ரயில்வேக்காரர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருப்பார்கள். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்.

நம் ஊரில் ஏன் இப்படி ஒரு கூட்டம் உருவாகவில்லை என்று யோசித்திருக்கிறேன். வித்தவுட்டில் போகிறவர்கள் நமக்கும் உண்டு, காவி கட்டியவர்களை டிடிஆர் கண்டும் காணாமல் விடுவதும் உண்டு, ஆனால் அதெல்லாம் பயணிகள் வண்டியில். கூட்ஸில் ஏற முடியாததற்கு முக்கியமான காரணம் தலைக்கு மேல் ஓடுகிற 25,000 வோல்ட் கம்பி. நின்றுகொண்டிருக்கிற கூட்ஸ் பெட்டியின்மேல் செல்பி எடுக்க ஏறிக் கருகிப்போன பையன்களைப் பற்றிய செய்தியை ஈரோட்டுப் பக்கம் வளர்ந்த யாரும் படித்திருப்பார்கள். கம்பியைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே போதும். அமெரிக்காவின் சரக்குப் பாதைகள் ஏறக்குறைய எல்லாமே டீசல், மேலே வெறும் வானம். அங்கே இந்த வாழ்க்கை நீடித்ததில் இந்த வெறும் வானத்துக்கும் பங்கு உண்டு.

அக்கா மகன்

நான் இருப்பது கலிஃபோர்னியாவில், ரோஸ்வில் பக்கம். அமெரிக்க மேற்குக் கரையிலேயே பெரிய சரக்கு யார்டு இங்கேதான் இருக்கிறது. இரவில் பெட்டிகள் ஒன்றோடொன்று இணைகிற சத்தம் வீடுவரை கேட்கும். அக்கா குடும்பம் மினியாபொலிஸில். அவள் மகன் கல்லூரியில் இருக்கிறான். போன குளிர்காலத்தில் அக்கா போன் செய்து, "டேய், இவன் லீவுக்குக் கூட்ஸ் வண்டியில் ஏறி சியாட்டில் போறானாம். நீதானே ரயில் பைத்தியம், நீயே பேசு" என்று சொல்லிவிட்டு போனை அவன் கையில் கொடுத்துவிட்டாள். எனக்குப் பேச்சே வரவில்லை. அவன் சொன்ன பாதை எனக்கு மனப்பாடம். மினியாபொலிஸ் நார்த்டவுன் யார்டு, வடக்கு டகோட்டா சமவெளி, மொன்டானாவில் ஹாவர், வைட்ஃபிஷ், அப்புறம் வாஷிங்டன் மாநிலத்தில் கேஸ்கேட் சுரங்கம். ஹைலைன் என்று சொல்லிச் சொல்லி அந்த ஆட்கள் உருகுகிற பாதை அது. அதைப் பற்றி அவனுக்கு முதலில் சொன்னதே நானாகத்தான் இருக்க வேண்டும்.

மாமா என்ற முறையில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். சட்டப்படி அத்துமீறல் என்றேன், தெரியும் என்றான். அங்கே ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தப் போலீஸ் உண்டு, கைது செய்யும் அதிகாரத்தோடு, அவர்களைப் 'புல்', அதாவது காளை, என்பார்கள் என்றேன், அதுவும் தெரியும். கேஸ்கேட் சுரங்கம் 12 கிலோமீட்டருக்கு மேல், உள்ளே டீசல் புகை அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு வண்டி போன பிறகும் ராட்சத மின்விசிறி வைத்து ஊதித்தள்ள வேண்டிய சுரங்கம், திறந்த பெட்டியில் உட்கார்ந்து அதைத் தாண்டுவாயா என்றேன். அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவானாம், பஸ் இருக்கிறதாம். சரி, அதே பாதையில் எம்பயர் பில்டர் என்று அருமையான பயணிகள் ரயில் போகிறதே, டிக்கெட் நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். "அதுல ஜன்னல் திறக்காது மாமா" என்றான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது உறைத்தது. ஆபத்து என்பதைத் தாண்டி ஒரு காரணம்கூட என்னிடம் இல்லை. மலை ஏறுவதும் ஆபத்துதான், அதற்கு வாழ்த்துச் சொல்லித்தானே அனுப்புகிறோம்? கம்பெனிக்கு நஷ்டமா என்றால் காலியாகப் போகிற ஒரு திண்ணையில் ஒரு பையன் உட்கார்ந்து போவதால் யாருக்கு என்ன குறைந்துபோகிறது? இந்தக் கேள்வி பல வாரம் குடைந்தது. அவனை எப்படித் தடுப்பது என்பதைவிட, இத்தனை வருடம் நான் பார்த்து ரசித்தது என்ன என்பது.

யார் ஏறலாம்

முதலில் தோன்றியது அவன் நிறம். இதை அக்காவிடம் சொல்லவில்லை. நான் பார்க்கிற வீடியோக்களில் யார்டு ஊழியர் கையசைப்பார், ஒரு வார்த்தை சொல்லி விட்டுவிடுவார், உள்ளூர்ப் போலீஸான ஷெரிஃபின் ஆள் வந்தால் பெயரைக் கேட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார். கையசைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையன்கள். வடக்கு மொன்டானாவில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு பழுப்பு நிறப் பையன் யார்டில் பம்மிக்கொண்டிருந்தால் அதே கை அசையுமா?

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, கதையல்ல, வழக்கு. அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்துகிடந்த பெருமந்தக் காலத்தில் கூட்ஸில் போவது சாகசமாக இருக்கவில்லை, வேலை தேடிப் போகிறவனுக்கு வேறு வண்டி இல்லை. மிசௌரி பசிபிக் என்ற ஒரே ஒரு ரயில் கம்பெனி 1929இல் தன் வண்டிகளில் பார்த்த அத்துமீறிகளின் கணக்கு 13,745. 1931இல் அது 1,86,028. அந்தச் சமயத்தில் வீட்டை விட்டு இப்படி ரயிலேறிய பதின்ம வயதினரே இரண்டரை லட்சம் பேர் இருப்பார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்படி ஒரு வண்டி 1931 மார்ச் 25 அன்று டென்னசியின் சாட்டனூகாவிலிருந்து மெம்பிஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏறியிருந்தவர்களில் வெள்ளையர்களும் கறுப்பர்களும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் அடிதடி, சில வெள்ளைப் பையன்கள் இறக்கிவிடப்பட்டார்கள், அவர்கள் போய்ப் புகார் சொன்னார்கள். அலபாமாவில் பெயின்ட் ராக் என்ற சின்ன ஊரில் ஆயுதத்தோடு ஒரு கும்பல் வண்டியை மறித்தது. அதே வண்டியில் வித்தவுட்டில் வந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், கறுப்பர்கள் தங்களைப் பலாத்காரம் செய்தார்கள் என்று சொன்னார்கள். ஒன்பது கறுப்பர்கள் கைதானார்கள், எல்லோரும் பையன்கள். இரண்டு வாரத்தில் அவர்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அந்தப் பெண்களில் ஒருத்தி பின்னால் தான் சொன்னது பொய் என்று நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னாள், அதற்குப் பிறகும் தண்டனை கொடுத்தார்கள். யாரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனால் பல வருடங்கள் சிறையில் போயின. மிச்சமிருந்த கடைசி மூன்று பேருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013இல், அவர்கள் எல்லோரும் செத்துப்போன பிறகு. ஒரே வண்டி, ஒரே குற்றம், டிக்கெட் இல்லாமல் ஏறியது. ஆனால் யாருக்கு அது என்னவாக முடிந்தது பாருங்கள்.

இதை மருமகனுக்கு மெசேஜில் எழுதினேன். பள்ளியில் படித்திருக்கிறானாம். "அது 1931 மாமா" என்று பதில் வந்தது. அவன் வயதில் எனக்கும் 1931 அவ்வளவு தூரத்தில்தான் இருந்திருக்கும்.

பார்க்காத டிரைவர்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரயில் எஞ்சின் டிரைவர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ரோஸ்வில்லிலிருந்து சியரா நெவாடா மலையைத் தாண்டி ஸ்பார்க்ஸ்வரை சரக்கு வண்டி ஓட்டியவர். டானர் கணவாய்ப் பாதை, பனிக்குப் பேர்போனது. நான் ரயில் பைத்தியம் என்பதால் அவருக்கு என்னைப் பிடிக்கும், தக்காளி கொடுப்பார், நான் பதிலுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுப்பேன், அதை பர்கரில் வைத்துத் தின்கிற மனிதர். மருமகன் விஷயத்தைச் சொல்லி, உங்கள் காலத்தில் இவர்களைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பார்க்க மாட்டோம் என்றார்.

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. நான் வீடியோக்களில் பார்த்து நம்பியதும் அதுதானே, தொழிலாளிகள் நல்லவர்கள், கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள், கம்பெனிதான் கெட்டது. இந்த நம்பிக்கைக்கு வரலாறும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் கோதுமை அறுவடைக்கு டகோட்டா பக்கம் போன நாடோடித் தொழிலாளிகள் ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற சங்கத்தின் சிவப்பு அட்டையைக் காட்டினால் பல வண்டிகளில் பிரேக்மேன்கள் அதையே டிக்கெட்டாக ஏற்றுக்கொண்டு விட்டார்கள். அவன் அறுக்கப்போகிற கோதுமையைத்தான் நாளைக்கு இவன் வண்டி இழுக்கப்போகிறது, இரண்டு பேரும் கூலிக்காரர்கள். இதை நான் அவரிடம் ஆர்வமாகச் சொல்ல, அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கருணையெல்லாம் இல்லை என்றார். பார்த்தால் வண்டியை நிறுத்த வேண்டும். ஒன்றரை மைல் நீள வண்டியை மலைச் சரிவில் நிறுத்தி, ஷெரிஃபின் ஆள் வரும்வரை காத்திருந்து, ரிப்போர்ட் எழுதி முடித்தால் 12 மணி நேரம் தீர்ந்துவிடும், நடுக்காட்டில் மாற்று ஆளுக்குக் காத்திருக்க வேண்டும், வீட்டுக்குப் போக மறுநாள் ஆகும். அது ஒன்று. இன்னொன்று, பின்னால் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் வண்டியை ஓட்டவே முடியாது என்றார். அது எனக்குப் புரியவில்லை. இரண்டு கைகளையும் கோத்துக் காட்டினார். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்திருப்பார்கள், நூறு பெட்டி என்றால் அந்தக் கொஞ்சம் கொஞ்சமெல்லாம் சேரும். இறக்கத்தில் அவர் பிரேக்கைத் தொட்டால் முன்னால் ஒன்றுமே தெரியாது, பின்பக்கம் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று வந்து இடிக்கும், நின்றுகொண்டிருக்கிற ஆளைத் தூக்கி எறிகிற இடி. பிரேக்கைத் தொடும்போதெல்லாம் அவனை நினைத்துக்கொண்டு மலையிலிருந்து இறக்க முடியுமா, நினைக்காமல்தான் முடியுமா? அதனால் யார்டிலிருந்து கிளம்பும்போதே பெட்டிகளின் பக்கம் திரும்ப மாட்டாராம்.

ஒரு தடவை பார்க்கும்படி ஆகிவிட்டது. குளிர்காலம், இரவு. உச்சியில் டானர் மலையைத் துளைத்துக்கொண்டு கிட்டத்தட்ட இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு சுரங்கம் உண்டு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கோ பிரேக்கின் காற்றுக் குழாய் கழன்று வண்டி தானாகவே அவசர பிரேக் போட்டு நின்றுவிட்டது. அப்படி நின்றால் கண்டக்டர் கையில் விளக்கோடு இறங்கி வண்டி நெடுக நடந்து எங்கே கோளாறு என்று பார்க்க வேண்டும், விதி அது. முழங்கால் பனி. இவருடைய கண்டக்டர் வேலைக்குப் புதிதாக வந்த இளைஞர். அவர் திரும்பி வரும்போது கூட ஒரு பையன். தானியப் பெட்டித் திண்ணையில் சுருண்டு கிடந்தானாம், விரல்கள் மடங்கவில்லை, பேச்சு குழறுகிறது, முகமெல்லாம் சுரங்கப் புகை. இரண்டாவது எஞ்சினில் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்துக் கோட்டைப் போர்த்தி பிளாஸ்கிலிருந்த காப்பியைக் கொடுத்தார்கள். இப்போது என்ன செய்வது? கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் வண்டி அங்கேயே நிற்கும், ஷெரிஃபின் ஆள் அந்தப் பனியில் வந்து சேர எத்தனை நேரம் ஆகுமோ. சொல்லாமல் எஞ்சினில் வெளியாளை ஏற்றிப்போனது தெரிந்தால் வேலை போகும், ஓய்வூதியத்துக்குச் சில வருடங்களே பாக்கி. கண்டக்டர் பையனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாயை மாட்டிவிட்டு, எதையும் சொல்லாமல் ஓட்டிப்போனார்கள்.

ஸ்பார்க்ஸ் யார்டுக்கு முன்னால் சிக்னலில் நின்றபோது அவனை இறக்கிவிடப் போனார். பையன் தேறிவிட்டான், முகத்தில் ரத்தம் வந்துவிட்டது, நன்றி நன்றி என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கிக்கொண்டே, உள்ளே எல்லாம் படம் எடுத்துவிட்டேன், எஞ்சின் உள்பக்கம் யாருக்கும் கிடைக்காத காட்சி, வீடியோ போட்டதும் பாருங்கள் என்றானாம். இவர் முகமும் கண்டக்டர் முகமும் அதில் இருக்கின்றன.

இந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டு எனக்கு எலுமிச்சம்பழ ஜூஸ் வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம், அப்புறம் என்ன ஆச்சு என்றேன். கெஞ்சினாராம். அந்தப் பையனிடம், இருட்டில், கீழே அவன் நிற்க இவர் ஏணியில் நின்றுகொண்டு, தயவுசெய்து அழித்துவிடு, எங்கள் இரண்டு பேருடைய வேலையும் உன் கையில் இருக்கிறது என்று. பையன் யோசித்தான். அவன் யோசித்ததைத்தான் இவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கடைசியில் அழிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அழித்தானா என்று எப்படித் தெரியும்? ஓய்வுபெறும்வரை அந்த வீடியோ எங்கேயாவது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தாராம். இப்போது அந்தப் பயத்துக்கே வேலையில்லை என்றார், எஞ்சினுக்குள் ஆட்களைப் பார்த்தபடி கம்பெனியே கேமரா வைத்துவிட்டது, இன்றைக்கு அந்தக் கண்டக்டர் அப்படி ஒருவனைக் கண்டால் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் சொல்லுவார், வேறு வழியில்லை.

நான் பார்த்து ரசித்த வீடியோ ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு ஊழியரின் கை இருக்கும். தண்ணீர் பாட்டில் நீட்டுகிற கை, எந்த வண்டி எங்கே போகிறது என்று காட்டுகிற கை. முகத்தை மங்கலாக்கியிருப்பார்கள், சில சமயம் அதுவும் இருக்காது. கருத்துப் பகுதியில் அந்தக் கைக்கு ஆயிரம் வாழ்த்து குவிந்திருக்கும், நானும் போட்டிருக்கிறேன். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மறுநாள் எப்படி வேலைக்குப் போனார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சிவப்பு அட்டை காலத்துக் கதையை இதில் பொருத்திப் பார்ப்பதில்தான் கோளாறு. அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனும் எஞ்சினில் இருந்தவனும் ஒரே கஷ்டத்தில் இருந்தார்கள். இன்றைக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்களில் என் மருமகனைப் போன்றவர்கள் நினைத்தால் இறங்கி வீட்டுக்குப் போகலாம், அக்கா சாதம் போடுவாள். எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன், வீடே இல்லாதவர்களும், ராணுவத்திலிருந்து வந்து எங்கும் ஒட்டாமல் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அயோவாவின் பிரிட் என்ற சின்ன ஊரில் நடக்கிற, 1900இல் முதன்முதலாகக் கூடிய ஹோபோ மாநாட்டில் இந்த எல்லா வகையினரையும் ஒன்றாகப் பார்க்கலாம், ராஜா ராணி தேர்ந்தெடுத்துக் கிரீடம் சூட்டுவார்கள், ஒரே அண்டாவில் குழம்பு வைத்து எல்லோருக்கும் ஊற்றுவார்கள். இப்போது அங்கே வருகிறவர்களில் பலர் காரில்தான் வருகிறார்கள், அது தனிக் கூத்து.

டிரைவர் சொன்னதை மருமகனிடம் அப்படியே சொன்னேன். முழுக்கக் கேட்டான். "அந்தப் பையன் முட்டாள் மாமா, நான் வீடியோவே எடுக்க மாட்டேன்" என்றான். எடுக்காவிட்டால் நான் எதைப் பார்ப்பது என்று வாய்வரை வந்துவிட்டது.

பையைக் கட்டுகிறவர்கள்

அதற்குப் பிறகு என் கவனம் வண்டியிலிருந்து தரைக்கு வந்துவிட்டது. மெக்சிகோவில் இதே கூட்ஸ் வண்டிகளின்மேல் மத்திய அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்து போகிறார்கள், லா பெஸ்டியா என்று பெயர், மிருகம். அவர்களை யாரும் உபகலாச்சாரம் என்று எழுதுவதில்லை. விழுந்து கால் போனவர்களுக்காகவே தெற்கு எல்லை ஊரான டபாச்சுலாவில் ஒரு காப்பகம் நடக்கிறது. 2014இல் மெக்சிகோ அரசு ஏறவிடாமல் தடுக்க ஆரம்பித்தது, வண்டிகளின் வேகத்தைக் கூட்டினார்கள். 2023 செப்டம்பரில் விழுந்து சாகிறவர்களும் காயப்படுகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள் என்று ஃபெரோமெக்ஸ் கம்பெனி 60 வண்டிகளை நிறுத்திவைத்தது.

அந்தப் பாதையில் வெராகுரூஸ் மாநிலத்தில் லா பத்ரோனா என்ற கிராமம் இருக்கிறது. 1995இல் அக்கா தங்கை இரண்டு பேர் காலைப் பலகாரத்துக்கு ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது கேட்டில் வண்டி குறுக்கே போயிற்று. மேலேயிருந்தவர்கள் பசிக்கிறது அம்மா என்று கத்தினார்கள், கையிலிருந்த ரொட்டியையும் பாலையும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் திட்டு விழும் என்று பயந்துகொண்டு போனால், அம்மாக்காரி மறுநாளைக்கு எவ்வளவு அரிசி போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சோறும் பீன்ஸும் பொட்டலம் கட்டித் தண்டவாளத்தோரம் நிற்கிறார்கள். தண்ணீர் பாட்டில்களை இரண்டிரண்டாகக் கயிறு போட்டுக் கட்டிவைப்பார்கள், அப்போதுதான் ஓடுகிற வண்டியிலிருந்து நீட்டுகிற கையில் மாட்டும். பிடித்துக்கொண்டு நின்றால் இவர்களையே இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் சரியான நொடியில் விட வேண்டும். லாஸ் பத்ரோனாஸ் என்று உலகத்துக்கே தெரியும் இப்போது, 2013இல் மெக்சிகோவின் தேசிய மனித உரிமை விருது கிடைத்தது. இந்தப் பெண்களுக்கு அந்த வண்டியில் ஏற ஆசை வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அதுவும் யோசித்துப் பார்க்க வேண்டியதுதான்.

மருமகனுக்கு அக்கா எம்பயர் பில்டரில் டிக்கெட் போட்டுவிட்டாள். அவன் சரி என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அந்தச் 'சரி'யை அவள் நம்புகிறாள், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

போன வாரம் லாஸ் பத்ரோனாஸ் வீடியோ ஒன்றை எங்கள் தெரு டிரைவருக்குப் போட்டுக் காட்டினேன். சில டிரைவர்கள் ஹாரன் அடித்து வேகத்தைக் குறைப்பார்கள், சிலர் குறைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் பெண்களையோ பொட்டலங்களையோ பார்க்கவில்லை, காதை போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு தடவை. "குறைத்திருக்கிறான்" என்றார். அப்புறம் கொஞ்சம் எரிச்சலாக, "சரி, ரிப்போர்ட்டில் என்ன காரணம் எழுதுவான்?"